ஓவன் கீழ் ராடு ஒண்ணுக்காக ரெண்டு தடவை வேலூர் வந்து அலைஞ்சது பத்தி புகார்

சர்வீஸ் பொறுப்புல இருக்கிறவங்களுக்கு வணக்கம்.

குடியாத்தத்துல இருந்து எழுதுறேன். எங்க வீட்ல இருக்கிறது உங்க பழைய ஓவன், 1500 வாட், மூணு குமிழ் வெச்சது, மாடல் எதுன்னு உங்களுக்கே தெரியும். 11 வருஷமா ஒரு கம்ப்ளெயிண்ட் சொன்னதில்ல. இப்போ கீழ இருக்கிற சூடாக்குற ராடு போயிடுச்சு. கேக் மேல கருகுது, அடியில மாவாவே நிக்குது. எங்க தெரு எலக்ட்ரீஷியன் மீட்டர் வெச்சு பார்த்தார், மேல 70 ஓம் காட்டுது, கீழ ஒண்ணுமே காட்டல, உள்ள நைக்ரோம் கம்பி அறுந்துடுச்சு, தெர்மோஸ்டாட் எல்லாம் நல்லாதான் இருக்கு, ராடு மாத்தினா போதும்னார். இதையேதான் போன்ல நாலு பேர்கிட்ட சொன்னேன், நாலு பேரும் "பிளக் சொருகியிருக்கா மேடம்"னு முதல்ல இருந்து ஆரம்பிச்சாங்க.

ராடு ஸ்டாக் இருக்கு, வேலூர் சென்டருக்கு எடுத்துனு வாங்கன்னு சொன்னது உங்க ஆளுதான். நம்பி, ஓவனை போர்வையில சுத்தி பஸ்ல காலடியில வெச்சுனு வந்தேன், புது பஸ் ஸ்டாண்ட்ல இறங்கி ஆட்டோவுக்கு வேற 150 ரூபா. கவுண்டர்ல இருந்தவர் போர்வையை பிரிக்கக்கூட விடல. செல்போன்ல இருந்து தலைய தூக்காம "இத பழைய இரும்புக்கு போட்டுட்டு புதுசு வாங்கும்மா, போ"ன்றார். எனக்கு 54 வயசு, அந்த பையனுக்கு என் புள்ள வயசு இருக்கும், போன்னு சொல்றான். பின்னாடி நின்னுனு இருந்தவங்க எல்லாம் பார்க்கிறாங்க, கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. அதுக்கு முன்னாடி ஒரு செவ்வாய்க்கிழமை வந்தப்போ சென்டரே பூட்டியிருந்துச்சு, ஒரு போர்டு கூட இல்ல.

காதுகுத்துக்கு 6 கிலோ கேக் ஆர்டர் கையவிட்டு போச்சு. அவங்க இனிமே எங்கிட்ட வருவாங்களா? என் பொழைப்பே உங்களால போச்சு.

தயவுசெஞ்சு ராடு அனுப்புங்க, காசு கொடுத்துடுறேன், ஓசில கேக்கல. இல்லன்னா அந்த ராடோட நீளம், வாட் எழுதி கொடுங்க, வெளியில செஞ்சு போட்டுக்கிறோம். அதுவும் முடியாதுன்னா நுகர்வோர் உதவி நம்பர் 1915க்கு போன் போடுவேன், வேலூர் நுகர்வோர் கோர்ட்டுக்கும் வருவேன், 5 லட்சம் வரைக்கும் பீஸே கிடையாதுன்னு என் பொண்ணு பார்த்து சொல்லிட்டா. அந்த அளவுக்கு போக எனக்கும் இஷ்டமில்ல.

வெள்ளிக்கிழமைக்குள்ள போன் பண்ணுங்க. அந்த கவுண்டர் பையனை மட்டும் பேச விடாதீங்க.