நிலத்தைப் பார்த்தால் தன்னம்பிக்கை இல்லையா?

ஆசிரியருக்கு,

என் பெறாமகள் போன மாதம் நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசை வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனாள். ஆங்கிலம் நன்றாகக் கதைப்பாள், சிங்களமும் சமாளிப்பாள். கிடைக்கவில்லை. சரி, அதுகூடப் பரவாயில்லை, சொன்ன காரணத்தைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை: 'பிள்ளை முகத்தைப் பார்த்துக் கதைக்கவில்லை, தன்னம்பிக்கை போதாது.'

எப்படிப் பார்ப்பாள்? எதிரே இருந்தவருக்கு அவளுடைய அப்பாவின் வயது. சின்னதில் பெரியவர்கள் கதைக்கும்போது நிமிர்ந்து பார்த்தால் 'என்ன முழிசுகிறாய்' என்று அதட்டி வளர்த்தது நாங்கள்தான், நானும் அதட்டியிருக்கிறேன். வகுப்பில் ஏச்சு வாங்கும்போது குனிந்து நின்றால் அடக்கமான பிள்ளை, நிமிர்ந்தால் திமிர் பிடித்தது. நேர்முகம் வைத்தவரும் தமிழர்தான், அவர் தன் அம்மப்பாவோடு எந்தக் கண்ணைப் பார்த்துக் கதைத்தாராம்?

இது எங்கள் பழக்கம் மட்டுமில்லை. அவுஸ்திரேலியப் பழங்குடி மக்கள் பலரிடமும் மூத்தவரின் கண்ணை நேரே பார்க்காமலிருப்பதுதான் மரியாதை. 2013இல் வந்த ஓர் ஆய்வில் ஜப்பானியரையும் பின்லாந்துக்காரரையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தன்னை நேரே பார்க்கிற முகத்தைப் பின்லாந்துக்காரரை விட ஜப்பானியர்தான் கோபமான, கிட்டப் போக முடியாத முகமாக எடுத்துக்கொண்டார்களாம், ஆனால் கண்ணும் கண்ணும் சந்தித்தபோது இதயத்துடிப்பில் வந்த மாற்றம் இரு பகுதிக்கும் ஒரேமாதிரித்தான். அவ்வளவு தூரம் போவானேன், நாங்கள் அரிசி வாங்குகிற கிண்ணியாக் கடை முதலாளி என்னோடு கதைக்கும்போது தராசைத்தான் பார்ப்பார். அந்நியப் பெண்களிடம் பார்வையைத் தாழ்த்தச் சொல்வது அவருடைய மார்க்கம். விலை பேசிப் பாருங்கள், அவரிடம் தன்னம்பிக்கைக்கு என்ன குறை என்று தெரியும்.

வெள்ளைக்காரர் வந்து தங்கும் இடம், கண்ணைப் பார்த்துக் கதைக்காவிட்டால் எதையோ ஒளிக்கிறாள் என்று அவர்கள் நினைக்கக்கூடும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அறை பதிவதற்கு, பில் போடுவதற்கு எல்லாம் வேலைக்கு எடுத்த பிறகு பழக்குகிறார்கள்தானே, இதையும் ஒரு கிழமை பழக்கினால் என்ன? வேலைக்கு வரும் முதல் நாளே இருக்க வேண்டிய குணமாக இதை மட்டும் ஏன் வைத்திருக்கிறார்கள்?

இப்போது பின்னேரங்களில் அவளை எனக்கு முன்னால் இருத்தி, என் கண்ணைப் பார்த்தே பெயர், படிப்பு எல்லாம் சொல்ல வைக்கிறேன். பாதியில் பார்வையை எடுப்பது பெரும்பாலும் நான்தான்.

வாசகி,
உப்புவெளி, திருகோணமலை