ஆண்டறிக்கை 2024–25: பொருத்துவதோடு முடியாத வேலை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சேலம் மாவட்டம் ஆத்தூர் பக்கம் நம் ஊர்களில் வேலை என்றால் குச்சிக்கிழங்குக் (மரவள்ளி) காடு, அந்தக் கிழங்கில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை, தறி. இல்லாவிட்டால் திருப்பூர் பஸ். சூரிய மின்சாரமும் ஆலைக் கழிவுநீரில் கிடைக்கும் எரிவாயுவும் நம் பிள்ளைகளை ஊரிலேயே நிறுத்துமா என்பதைத்தான் சங்கம் இந்த ஆண்டு முக்கியமாகப் பார்த்தது.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய சூர்ய கர் திட்டத்தில் வீட்டுக் கூரையில் சோலார் பேனல் போட 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2-க்கு 60,000, 3-ம் அதற்கு மேலும் 78,000 மானியம். விசாரிக்க வந்தவர்கள் ஏராளம். ஆனால் எல்லோரையும் போடச் சொல்லவில்லை. 1 கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் ஏற்கெனவே இலவசம் என்பதால், ஃபேனும் டிவியும் மட்டும் ஓடும் வீட்டுக்குப் பெரிய மிச்சம் கிடையாது. கடன் வாங்கிப் போட வேண்டாம் என்று அப்படிப்பட்ட வீட்டாரிடம் நேராகவே சொன்னோம். ஏசி, மோட்டார் என்று பில் ஏறும் வீட்டுக்குத்தான் இது கைகொடுக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு வீட்டுக்குப் பேனல் பொருத்த இரண்டு மூன்று நாள் போதும். வெளியூர் ஆட்கள் வருகிறார்கள், முடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பேனலோ 25 ஆண்டு நிற்க வேண்டியது. தூசு துடைக்க, எர்த் சோதிக்க, இன்வெர்ட்டர் நின்றால் பார்க்க, குரங்கு இழுத்த ஒயரை மாற்ற யாராவது பக்கத்தில் இருக்க வேண்டாமா? சேர்வராயன் மலையில் ஓர் ஊரில் பேட்டரி போன சோலார் தெருவிளக்குகள் வெறும் கம்பங்களாக நிற்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அங்கே பணத்தைவிட ஆள்தான் குறை.

அதனால் ஐடிஐ முடித்த பிள்ளைகளுக்குப் பராமரிப்பைத்தான் முதலில் கற்றுக்கொடுத்தோம். மெயினை அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை பேனல் பக்கம் மின்சாரம் இருக்கும் என்பதே முதல் பாடம். இடுப்புக் கயிறு கட்டாமல் யாரும் கூரை ஏறக் கூடாது என்பது கண்டிப்பு. பெண்பிள்ளைகளும் வந்தார்கள், சோதனைக் கருவியை அவர்கள் கையாண்ட நிதானம் எனக்கு மிகுந்த நம்பிக்கை தந்தது.

சேகோ ஆலைக் கழிவுநீரில் இதைவிட நிலையான வேலை இருக்கிறது என்பது என் எண்ணம். கிழங்கை அரைத்து மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கையான திப்பி மாட்டுத் தீவனத்துக்குப் போய்விடும். தண்ணீர் திறந்தவெளியில் தேங்கினால் புளித்து நாறும், பக்கத்துக் கிணறும் கெடும். அதையே காற்றுப் புகாத தொட்டியில் விட்டால் மீத்தேன் வரும். பல ஆலைகளில் அதில் ஜெனரேட்டர் ஓடுகிறது. ஆனால் தினமும் கவனிக்க வேண்டும். புளிப்பு ஏறினால் வாயு குறைந்துவிடும், சுண்ணாம்பு சேர்த்துச் சரிசெய்ய வேண்டும். ஆலை ஓடாத மாதங்களில் தொட்டியையும் குழாய்களையும் பழுதுபார்க்கலாம். ஆக ஆண்டு முழுக்க ஒருவருக்கு வேலை. விற்பனைக்காக 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவில் சேர்ந்த ஆலைகள், இதற்கும் நான்கைந்தாகச் சேர்ந்து ஒரு பயிற்சி பெற்ற ஆளை வைத்துக்கொண்டால் செலவு தாங்கும். ஆலை உரிமையாளர்களிடம் பேசத் தொடங்கியிருக்கிறோம். சிலர் தயங்குகிறார்கள், மறுபடியும் போவோம்.

அடுத்த ஆண்டு, பேனல் வைத்துள்ள உறுப்பினர்கள் ஆண்டுப் பராமரிப்பை நம் பிள்ளைகளிடமே கொடுக்க வேண்டும் என்ற தீர்மானத்தைச் செயற்குழு முன்வைக்கிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசித்தபின் அதை வாக்கெடுப்புக்கு விடலாம்.

செயலாளர்