பழைய படத்தைக் குறை சொல்லுமுன் டிவி மெனுவைத் திறங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய பேய்ப்படங்கள், ஹாங்காங் சண்டைப்படங்கள் பற்றி ஞாயிறு இணைப்பில் வாசகர்கள் எழுதிவரும் கடிதங்களை ஒன்றுவிடாமல் படிக்கிறோம். ‘ஹாலோவீன்’, ‘தி திங்’, ‘ஈவில் டெட்’, ‘போலீஸ் ஸ்டோரி’ என்று அருமையான படங்களாகத் தேடிப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் மூன்று புகார்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: படம் சீரியல் மாதிரி இருக்கிறது, இருட்டில் ஒன்றும் தெரியவில்லை, பிசாசு ரப்பர் பொம்மையாகத் தெரிகிறது. மூன்றிலும் பெரும்பாலும் பழி படத்தின் மேல் தவறாக விழுகிறது. கடையிலிருந்து வந்த நாளில் இருந்த அமைப்பிலேயே டிவியை ஓட்டிக்கொண்டிருப்பதுதான் காரணம். பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம்; மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதில்லை.

முதலில் சீரியல் விஷயம். சினிமா விநாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனிப் படங்கள். இன்றைய டிவிகள் இரண்டு பிரேமுக்கு நடுவே தாமாகவே புதுப் பிரேம்களை உண்டாக்கிச் செருகி, 60 அல்லது 120 ஆக்கிவிடுகின்றன. அசைவு வழுக்கிக்கொண்டு ஓடும். வீடியோ கேமராவில் எடுத்த நாடகம் போலத் தோன்றும். கிரிக்கெட்டுக்கு இது சரி. சண்டைப்படத்தைக் கெடுத்துவிடும். அக்கால ஹாங்காங் படங்களில் அடிதடியை விநாடிக்கு 22, சில சமயம் 20 பிரேமில் எடுத்து 24-இல் ஓட்டுவார்கள். அடி சுளீரென்று விழுவது அதனால்தான். இடைவெளியை டிவி நிரப்பியதும் அந்தச் சுளீர் காணாமல் போகிறது. வேகமாக வீசும் கையின் ஓரம் கலங்கி, பின்னால் இருக்கும் கம்பி வளைந்து நெளிகிறது. ‘போலீஸ் ஸ்டோரி’யின் (1985) கடைசியில், வணிக வளாகத்தின் கம்பத்தைப் பிடித்து, சுற்றியிருக்கும் விளக்குகள் வெடிக்க ஜாக்கி சான் சறுக்கி இறங்குவார். கை வெந்து, முதுகெலும்பிலும் அடிபட்ட காட்சி அது. மூன்று கோணங்களில் மூன்று முறை காட்டியிருப்பார்கள். பொறிகள் ஒவ்வொன்றாகத் தெறிக்க வேண்டிய இடத்தில் கோடு கோடாக இழுபட்டால், உங்கள் டிவியில் இந்த வசதி ஓடுகிறது என்று அர்த்தம்.

எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’, சாம்சங்கில் ‘பிக்சர் கிளாரிட்டி’ (பழைய மாடலில் ‘ஆட்டோ மோஷன் பிளஸ்’) என்று பெயர் மாறும். அணைத்துவிடுங்கள். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்: பல டிவிகளில் இந்த அமைப்பு பிளேயரின் வயரைச் செருகும் ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும், உள்ளே இருக்கும் செயலிகளுக்கும், எச்டிஆர் (ஒளி வீச்சு கூடிய) படத்துக்கும் தனித்தனி. ஒரு இடத்தில் அணைத்தால் மற்ற இடத்தில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். படம் ஓடும்போதே மெனுவைத் திறந்து அணைப்பது நல்லது. அணைத்த பிறகு, 60 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கும்) டிவியில் கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பும்போது லேசாகத் தட்டித் தட்டிப் போகும். 24 என்பது 60-இல் சரியாக வகுபடாததால் வருவது அது. 120 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு பிரேமுக்கு ஐந்து முறை என்று கணக்கு சரியாக உட்கார்ந்துவிடும்.

அடுத்து இருட்டு. ‘ஹாலோவீன்’ (1978) படத்தில், தோழிகளின் உடல்களைக் கண்டு அதிர்ந்த நாயகி லாரி அழுதபடி சுவரோரம் ஒதுங்கி நிற்பாள். பக்கத்தில் ஓர் அறை வாசல், முழுக் கறுப்பு. சில விநாடிகளில் அந்தக் கறுப்புக்குள்ளிருந்து வெள்ளை முகமூடி மெல்ல மெல்ல மேலெழும். ஒளிப்பதிவாளர் டீன் கண்டி ஒரு சிறு விளக்கை டிம்மரில் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவியில்) வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிச் செய்த வித்தை. சினிமாவில் இதைவிட அழகான பயமுறுத்தலைச் சொல்வது கடினம். எது முழுக் கறுப்பு என்று பிளேயரும் டிவியும் ஒத்துக்கொள்ளும் எச்டிஎம்ஐ கறுப்பளவு தவறாக இருந்தால் இந்த எழுச்சியே இருக்காது; முகமூடி திடீரென்று முளைக்கும். பிளேயர் ‘ஃபுல்’ அனுப்பி, டிவி ‘லிமிடெட்’ என்று எடுத்துக்கொண்டால் நிழல்கள் எல்லாம் ஒரே மையாகிவிடும். தலைகீழாக நடந்தால் கறுப்பு சாம்பல் பூத்து, வாசலுக்குள் ஆள் நிற்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். பிளேயர், டிவி இரண்டையும் ‘ஆட்டோ’வில் அல்லது இரண்டையும் ‘லிமிடெட்’டில் வையுங்கள். மின்சாரம் மிச்சப்படுத்தும் அமைப்பையும் அணையுங்கள். அறையில் விளக்கை அணைத்ததும் அது படத்தையும் சேர்த்து மங்கவைக்கிறது. முழு இருட்டு கண்ணை உறுத்தினால் டிவிக்குப் பின்னால் ஒரு சிறு விளக்கு போதும். டியூப்லைட் வேண்டவே வேண்டாம்.

ரப்பர் புகாருக்குக் காரணம் நிறத்தையும் வெளிச்சத்தையும் தூக்கிக் காட்டும் ‘விவிட்’ மோட். ‘தி திங்’ (1982) படத்தின் ஜந்துக்களை ஒப்பனைக் கலைஞர் ராப் பாட்டின் செய்தபோது அவர் வயது இருபதுகளின் தொடக்கம். வழுவழுப்புக்கு மயோனைஸ், சோளக்கூழ், சூடாக்கிய பபிள்கம் வரை கலந்தார்கள். இதையும் படம்பிடித்தவர் அதே டீன் கண்டிதான். முழு வெளிச்சம் போட்டால் செய்பொருள் என்று தெரிந்துவிடும், போடாவிட்டால் உழைப்பு தெரியாது. அதனால் சின்னச் சின்ன விளக்குகளை வைத்து ஈரமும் மடிப்பும் மட்டும் மின்னும்படி ஒளியமைத்தார். விவிட் மோட் அந்த நிழல்களை நீலவெளிச்சத்தால் நிரப்பி, ஓரங்களைக் கூராக்கி, அவர் மறைத்ததை எல்லாம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ‘பிலிம்மேக்கர் மோட்’ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் ‘சினிமா’ அல்லது ‘மூவி’. முதலில் மஞ்சளாகத் தெரியும், கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடும். ‘ஷார்ப்னெஸ்’ சில டிவியில் 0, சிலவற்றில் 50 இயல்புநிலை. சப்டைட்டில் எழுத்தைச் சுற்றி வெள்ளை ஓரம் தெரிந்தால் கூடிவிட்டது, குறையுங்கள்.

‘ஈவில் டெட்’ (1981), ‘டெக்சாஸ் செயின் சா மாசக்கர்’ (1974) இரண்டும் 16 மி.மீ. பிலிமில் எடுத்து 35-க்குப் பெரிதாக்கியவை. அதில் பொரிப்பொரியாகத் துள்ளுவது பிலிமின் துகள். படத்தின் விவரமே அந்தத் துகளில்தான் இருக்கிறது. டிவி மெனுவில் இருக்கும் ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ அதைத் துடைத்தால் தோலும் சேர்ந்து போய் முகம் மெழுகாகிவிடும். 2010-இல் வந்த ‘பிரிடேட்டர்’ ப்ளூரேயை ரசிகர்கள் இன்றும் திட்டுவது இதற்காகத்தான். டிஸ்கிலேயே துடைத்திருந்தால் டிவியில் எதைத் திருகியும் திரும்பாது. வேறு பதிப்பைத் தேடுவது ஒன்றே வழி.

கறுப்புப் பட்டையைப் பார்த்ததும் ‘ஜூம்’ போடும் பழக்கத்தையும் விட வேண்டும். ‘ஹாலோவீன்’ 2.35:1, அதாவது அகலம் உயரத்தைப் போல 2.35 மடங்கு. அதைத் திரை முழுக்க நிரப்பினால் அகலத்தில் கிட்டத்தட்ட கால்பங்கு வெட்டுப்படும். இயக்குநர் கார்ப்பென்டர் கொலைகாரனை நிறுத்துவது பெரும்பாலும் அந்த ஓரங்களில்தான். ‘ஈவில் டெட்’ நேர் எதிர்: பழைய 4:3 சட்டம். அதை நிரப்பினால் உயரத்தில் கால்பங்கு போகும், இழுத்தால் ஆட்கள் எல்லாரும் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுவார்கள்.

பேச்சு கேட்கவில்லை, அலறல் மட்டும் காதைப் பிளக்கிறது என்றால் பிளேயரின் ஒலியை 5.1-லிருந்து (ஆறு ஸ்பீக்கருக்கான ஒலி) ஸ்டீரியோ பிசிஎம்முக்கு (இரண்டு ஸ்பீக்கருக்கான ஒலி) மாற்றிப் பாருங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். படப் பரிந்துரை வெளியிடும்போது ஆண்டு, இயக்குநர் பெயரோடு படச்சட்ட விகிதத்தையும் ஓடும் நேரத்தையும் அச்சிடுங்கள். ‘ஹாலோவீன்’ 91 நிமிடம். வாசகர் கையில் இருப்பது வெட்டுப்படாமலே 87-இல் முடிந்தால், அது விநாடிக்கு 25 பிரேமாக வேகம் கூட்டிய பிரதி. தாளக் கணக்கில் ஐந்து எண்ணிக்கைக் கண்டமாகப் போகும் அதன் பியானோ, அந்தப் பிரதியில் சுருதி ஏறித்தான் ஒலிக்கும்.

இப்படிக்கு,
திரைப்பட ரசிகர்கள் சிலர்,
திருச்சி.