‘பிளாஸ்டிக் டப்பா’ என்று சொல்வதற்கு முன்: கிட்டார் கலைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கிட்டார் கலைஞர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். புதிதாகக் கிட்டார் வாங்கப் போகிறவர்கள் கடை வாசலை மிதிப்பதற்கு முன்பே உங்களிடம் யோசனை கேட்டுவிடுகிறார்கள். கடைக்காரர் ஆயிரம் சொன்னாலும் நீங்கள் சொன்ன ஒரு வார்த்தைதான் அவர்கள் மனதில் நிற்கிறது. அதனால் இதை எந்தக் கம்பெனிக்கும் எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

உருண்டை முதுகுள்ள அமெரிக்கக் கிட்டாரான ஓவேஷன், பழையது ஒன்று, செகண்ட் ஹேண்ட் விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று ஒரு மாணவர் கேட்டால் என்ன பதில் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். “அது பிளாஸ்டிக் டப்பா. சத்தம் வராது. மடியில் நிற்காது. நல்ல மரக் கிட்டாராகப் பார்த்து வாங்கு.” இப்படிச் சொல்பவர்களில் பலர் இப்படி உருண்டை முதுகுள்ள ‘ரவுண்ட் பேக்’ கிட்டாரை ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) மாட்டி மேடையில் வாசித்ததே இல்லை. யாரோ சொன்னதைக் கேட்டிருப்பார்கள். இல்லையென்றால் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒயர் மாட்டாமல், நாலு கார்டு அடித்துப் பார்த்திருப்பார்கள். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்தக் கருவி எந்த வேலைக்காகச் செய்யப்பட்டதோ, அந்த வேலையில் வைத்து அதைக் கேளுங்கள். கருத்து அதற்கப்புறம் வரட்டும்.

அந்த வேலை என்ன என்று புரிய, அதைச் செய்தவரிடம் போக வேண்டும். சார்லஸ் கேமன் ஒரு விமானப் பொறியாளர். 1945-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஹெலிகாப்டர் கம்பெனி தொடங்கியவர். டர்பைன் எஞ்சினில் பறந்த முதல் ஹெலிகாப்டர், 1951-இல் பறந்த அவருடைய கே-225தான். ஹெலிகாப்டர் செய்பவருக்குத் தூக்கம் கெடுக்கும் விஷயம் அதிர்வு. சுழலும் இறக்கை எங்கே எவ்வளவு அதிரும், அதை எப்படி அடக்குவது என்பதே அவர் தொழில். அவர் கம்பெனி ஹஸ்கி ஹெலிகாப்டருக்கு இறக்கைகளை மரத்தில்தான் செய்தது. ஆகவே மரம் எப்படி நடந்துகொள்ளும், கண்ணாடி நாரும் ரெசினும் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்தவர்கள் அந்தப் பட்டறையில் இருந்தார்கள். கேமனே கிட்டார் வாசிப்பவரும்கூட. அடக்கத் தெரிந்த அதிர்வை எழுப்பவும் முடியுமே என்ற எண்ணத்தில் 1960-களின் நடுவில் கிட்டார் செய்ய ஆரம்பித்தார்கள். 1966-இல் முதல் ஓவேஷன்கள் வெளியே வந்தன. கண்ணாடி நாரையும் ரெசினையும் சேர்த்து அச்சில் வார்த்த அந்த உருண்டை முதுகுக்கு லைரகார்ட் என்று பெயர் வைத்தார்கள். மேற்பலகை மட்டும் வழக்கம்போல ஸ்ப்ரூஸ் மரம்.

மிச்சம் பிடிப்பதற்காகப் போட்ட பிளாஸ்டிக் அல்ல அது. மரக் கிட்டாரில் பக்கப் பலகைகளை வளைத்து, முதுகுப் பலகையை ஒட்டி, உள்ளே சட்டம் கொடுத்துத் தாங்க வேண்டும். வார்த்தெடுத்த முதுகுக்கு உள்சட்டம் எதுவும் தேவையில்லை. ஈரம் குடித்து அது வீங்காது, வறண்டு சுருங்காது. தட்டையான முதுகு இல்லாததால் மேற்பலகைக்கும் முதுகுக்கும் நடுவே ஒலி அலை மோதித் தேங்குவது குறையும் என்பது அவர்கள் வாதம். இந்தக் கடைசி வாதம் காதுக்கு எவ்வளவு தெரிகிறது என்பதில் நாம் சண்டை போடலாம், தவறில்லை. ஆனால் யோசித்துச் செய்த வேலை என்பதில் சந்தேகம் வேண்டாம்.

உருண்டை முதுகு கேமன் கண்டுபிடித்ததும் அல்ல. அரபு நாடுகளின் ‘ஊத்’ என்ற கம்பிக் கருவியும் ஐரோப்பாவின் லூட்டும் நேப்பிள்ஸ் மாண்டலினும் பல நூற்றாண்டுகளாக அப்படித்தான் இருக்கின்றன. அமெரிக்காவில் தட்டை முதுகு மாண்டலின் பரவியபோது, கோடு கோடாக இருந்த பழைய நேப்பிள்ஸ் மாண்டலினை ‘உருளைக்கிழங்கு வண்டு’ என்று கேலி செய்தார்கள். கேலியை மீறி அந்த வண்டு இன்றும் இத்தாலியில் வாசிக்கப்படுகிறது.

இனி மேடைக்கு வருவோம். இந்தக் கிட்டாரின் உயிர் இருப்பது அங்கேதான்.

1960-களின் கடைசியில் ஒரு அக்கூஸ்டிக் கிட்டார் கலைஞர் டிரம்ஸுக்கும் பேஸுக்கும் பக்கத்தில் நின்று வாசிக்க வேண்டுமென்றால் அவருக்கு இருந்த வழி, முன்னால் ஒரு மைக். அவர் நகர்ந்தால் சத்தம் போய்விடும். சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மேற்பலகையை ஆட்டும், அந்த ஆட்டத்தை மைக் மறுபடி பிடிக்கும், அரங்கம் முழுக்க ஊளை. ஃபீட்பேக்கின் கதை இவ்வளவுதான். அமெரிக்கப் பாடகரும் கிட்டார் கலைஞருமான கிளென் கேம்பெல் 1969-இல் தொலைக்காட்சியில் சொந்த நிகழ்ச்சி நடத்த ஆரம்பித்தபோது அவர் கையில் இருந்தது ஓவேஷன். வாரா வாரம் அந்தக் கிட்டார் பல வீடுகளுக்குள் போனது. 1970 வாக்கில் ஓவேஷன்காரர்கள் பிரிட்ஜில் (மேற்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டையில்) சேடிலுக்கு (கம்பிகள் தாங்கி நிற்கும் சிறு துண்டுக்கு) அடியிலேயே, அழுத்தத்தை மின்சாரமாக்கும் பீஸோ பிக்கப்பைப் பொருத்தி, உடம்புக்குள்ளேயே அந்தச் சிறு மின்சாரத்தைப் பெருக்கும் ப்ரீஆம்ப்பும் வைத்துக் கிட்டாரை விற்க ஆரம்பித்தார்கள். இன்று நீங்கள் வாங்கும் எந்த செமி-அக்கூஸ்டிக்கை எடுத்தாலும், பக்கவாட்டில் குமிழ்களும் கீழே ஜாக்கும் இருக்கின்றன அல்லவா? அந்த வழியை முதலில் போட்டவர்களில் இவர்கள் முக்கியமானவர்கள். ரவுண்ட் பேக்கைத் திட்டிக்கொண்டே நாம் தினமும் வாசிக்கும் மரக் கிட்டாரில் அவர்களுடைய யோசனை உட்கார்ந்திருக்கிறது.

இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரவுண்ட் பேக் ரசிகர்களும் இதை மிகைப்படுத்துகிறார்கள். ஊளை குறைந்ததற்கு முதற்காரணம் பிக்கப், முதுகின் வடிவம் அல்ல. சேடிலுக்கு அடியில் இருக்கும் பீஸோ, கம்பியின் அழுத்தத்தைத்தான் பெரும்பாலும் மின்சாரமாக்குகிறது. அறையில் சுற்றும் ஒலியை மைக் அளவுக்கு அது பிடிக்காது. முதுகின் பங்கு அடுத்தபடிதான். ஆழம் குறைந்த ‘ஷாலோ’ உடம்புக்குள் காற்று குறைவு, அதனால் அடிக்குரலில் எழும் குமுறலும் குறைவு. மேடையில் மானிட்டருக்கு முன்னால் நின்று வாசிப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிது.

1980 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவின் வார்ஃபீல்டு அரங்கில் பாக்கோ டி லூசியா, ஜான் மெக்லாக்லின், ஆல் டி மியோலா மூவரும் வாசித்த கச்சேரிப் பதிவைக் கேட்காத கிட்டார் மாணவர் குறைவு. அதில் டி மியோலாவின் கையில் இருப்பது ஓவேஷன். பாக்கோவின் கையில் இருப்பது மரபான ஃபிளமெங்கோ கிட்டார். இரண்டையும் மாறி மாறிக் கேளுங்கள். பாக்கோவின் ஒலியில் மரமும் காற்றும் இருக்கின்றன. டி மியோலாவின் ஒலியில் பிக் (மீட்டும் சிறு தகடு) கம்பியில் படும் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, மணிமணியாக விழுகிறது. அவ்வளவு வேகத்தில் ஒரு சுரம்கூட அடுத்ததோடு கலக்காமல் நிற்பதற்கு அவர் கை எவ்வளவு காரணமோ, அந்தக் கருவியின் இயல்பும் ஓரளவு காரணம் என்று நான் நம்புகிறேன். இது குறையா நிறையா என்பது நீங்கள் என்ன வாசிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

குறைகளை மறைக்க நான் இதை எழுதவில்லை.

ஒயர் மாட்டாமல் வாசித்தால், நல்ல மரக் கிட்டாரின் அடிக்குரல் பல ஓவேஷன்களில் வராது. ஷாலோ மாடலில் அது இன்னும் மெலியும். வீட்டில் தனியாக உட்கார்ந்து, ஆம்ப் இல்லாமல், விரலால் மெதுவாக மீட்டத்தான் ஒருவருக்கு ஆசை என்றால் ஷாலோ ஓவேஷன் அவருக்கானதல்ல. நானே அப்படிச் சொல்லி ஒரு மாணவியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பீஸோவின் ஒலியிலும் ஒரு கடினம் உண்டு. பலமாக அடித்தால் ‘க்வாக்’ என்று கம்பி கத்தும். ஈக்யூவில் (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களில்) நடு அலைவரிசையைக் கொஞ்சம் இறக்கினால் தணியும், முழுக்கப் போகாது. ஆனால் இந்தக் குறை சேடில் அடியில் பீஸோ இருக்கும் மரக் கிட்டார்களுக்கும் உண்டு. அங்கே மன்னித்துவிட்டு இங்கே மட்டும் தண்டிப்பது நியாயமில்லை.

மடியில் வழுக்குகிறது என்பது உண்மை. ஆழமான வழவழப்பான முதுகு தொடையில் நிற்காது, கிட்டார் முகம் மேலே பார்க்கத் திரும்பிவிடும். உட்காரும்போதும் ஸ்ட்ராப் போட்டுக்கொண்டாலோ, கிளாசிக்கல்காரர்கள்போல் இடது காலை உயர்த்தி வைத்துக்கொண்டாலோ இது பெரும்பாலும் தீர்ந்துவிடும். நின்று வாசிக்கும்போது அதே வளைவு விலாவோடு ஒட்டி உட்காரும், முழங்கையை அறுக்காது. ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தவர் இந்த இரண்டாவது பாதியை அறிய வாய்ப்பே இல்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. ‘ஓவேஷன்’ என்ற ஒரே பெயரின் கீழ் எல்லாவற்றையும் போட்டுக் குழப்புகிறோம். கனெக்டிகட்டின் நியூ ஹார்ட்ஃபோர்டில் செய்த லெஜண்ட் ஒன்று. வேறு நாடுகளில் மலிவாகச் செய்த செலிப்ரிட்டி இன்னொன்று. அப்ளாஸ் மூன்றாவது. ஆரம்ப கால அப்ளாஸ்களில் ஃபிங்கர்போர்டையும் (விரல் வைக்கும் பலகை) அதில் குறுக்கே வரும் ஃப்ரெட்டுகளையும் அலுமினியத்தில் ஒன்றாகவே வார்த்திருந்தார்கள். அந்த ஃப்ரெட் தேய்ந்துவிட்டால் பிடுங்கி மாற்ற முடியாது. அந்த ஒரு கிட்டாரை வாசித்து வெறுத்துப்போனவர் லெஜண்டைப் பற்றியும் அதே தீர்ப்பைச் சொல்கிறார். 1976-இல் வந்த அடமாஸ் முற்றிலும் வேறு ஜாதி. அதன் மேற்பலகையில் மெல்லிய கார்பன் ஃபைபர். நடுவில் பெரிய துளை கிடையாது, தோள்பட்டை ஓரமாகச் சிறு சிறு துளைகள். மேற்பலகையின் நடுப்பகுதி வெட்டுப்படாமல் முழுதாக அதிர வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. அதை ஒருமுறை ஒயர் இல்லாமல் வாசித்தவர் ‘சத்தம் வராது’ என்று சொல்ல மாட்டார். விலை அதிகம், அபூர்வம், அது வேறு விஷயம்.

ரிப்பேர் செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய ஓவேஷனைக் கொண்டுபோனால் தொட மறுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தயக்கத்தில் நியாயம் உண்டு. முதுகு அசையாது, ஆனால் ஸ்ப்ரூஸ் பலகை பருவத்துக்குப் பருவம் விரிந்து சுருங்கும். அந்த இழுபறியில் 1970-களின் கிட்டார்களில் மேற்பலகை விரிசல் விடுவதும் பிரிட்ஜ் தூக்கிக்கொள்வதும் சகஜம். பிக்கப் கெட்டால், அது உட்காரும் பள்ளம் சாதாரண சேடில் பள்ளத்தைவிட அகலமானது என்பதால் கடையில் கிடைக்கும் வேறு பிக்கப்பை அப்படியே செருக முடியாது. பழைய ப்ரீஆம்ப்புகள் பலவற்றுக்கு உதிரிப் பாகம் தேட வேண்டும். 2014 ஜூனில் அப்போதைய உரிமையாளரான ஃபெண்டர் நியூ ஹார்ட்ஃபோர்டு தொழிற்சாலையை மூடியது. அந்தப் பெயர் டிரம்ஸ் கம்பெனியான டிரம் வொர்க்‌ஷாப்பின் கைக்குப் போய், நியூ ஹார்ட்ஃபோர்டிலேயே சிறிய அளவில் வேலை மறுபடி தொடங்கியது. இப்படிக் கைமாறி வந்த கருவிக்குப் பாகம் தேடுவது சிரமம்தான். ஆனாலும் மேற்பலகை விரிசலுக்குப் பசையும் உள்ளிருந்து கொடுக்கும் சிறு ஒட்டுமரமும் போதும், மற்ற கிட்டார்களில் நீங்கள் தினமும் செய்வதுதான். உடைந்த முதுகைக்கூடக் கண்ணாடி நார்த் துணியும் எபாக்ஸியும் வைத்து அடைக்கலாம். படகு பழுது பார்ப்பவர்கள் செய்கிற வேலைதான் அது. ‘முடியாது’ என்பதற்குப் பதில் ‘இவ்வளவு நாளாகும், இவ்வளவு செலவாகும்’ என்று சொல்லுங்கள். வைத்திருப்பவர் முடிவெடுக்கட்டும்.

ஆசிரியர்களே, அடுத்த முறை ஒரு மாணவர் கேட்கும்போது நீங்களும் திருப்பிக் கேளுங்கள். எந்த மாடல்? முதுகு எவ்வளவு ஆழம்? மேற்பலகை ஒற்றை மரமா, ஒட்டுப் பலகையா? நீ எங்கே வாசிக்கப் போகிறாய், அறையிலா, சர்ச்சிலா, மெல்லிசை மேடையிலா? கடற்கரை ஊரில் வருஷம் முழுக்க ஈரக் காற்றில் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அலைபவருக்கு ஈரம் குடிக்காத முதுகு சின்ன விஷயமல்ல. முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். மேற்பலகையைச் சாய்த்து வெளிச்சத்தில் விரிசல் தேடுங்கள். பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு காகிதத்தை நுழைத்துப் பாருங்கள், உள்ளே போனால் அது தூக்கியிருக்கிறது. பிறகு ஸ்ட்ராப் மாட்டி, ஆம்ப்பில் செருகி, சத்தத்தை மேடை அளவுக்கு ஏற்றி, ஆறு கம்பியும் ஒரே அளவில் ஒலிக்கிறதா என்று ஒவ்வொன்றாக மீட்டச் சொல்லுங்கள். இவ்வளவும் பார்த்த பிறகு ‘வேண்டாம், விட்டுவிடு’ என்று நீங்கள் சொன்னால், அந்தச் சொல்லை நானும் ஏற்றுக்கொள்வேன்.

அன்புடன்,
ரவுண்ட் பேக் வாசிக்கும் உங்களில் ஒருவன்