காற்றை நிறுக்க உதவியவர்களுக்கு

மட்டக்களப்புக் கல்லடி, நாவலடிக் கரையோர வீட்டார், சம்மாந்துறை அரிசி ஆலைக்காரர், விஞ்ஞான ஆசிரியர்கள், ஐஸ் தந்த மீன் வியாபாரிகள் எல்லோருக்கும் வணக்கம்.

காற்றிலுள்ள நுண்துணிக்கைகளை அளக்கவும், ஆலை உமியையும் சாம்பலையும் ஆராயவும் எங்களுக்கு உதவினீர்கள். ஆய்வுக் கட்டுரைகளின் கடைசியில் ஒரு வரி நன்றி போடுவது வழக்கம். கருவி வாங்கப் பணம் தந்தோர் அந்த வரியில் வந்துவிடுவார்கள். ஏணி பிடித்தோர் வரமாட்டார்கள். அதனால் யாருடைய உதவி எந்த அளவீட்டைக் காப்பாற்றியது என்பதை இங்கே விபரமாகவே எழுதுகிறோம்.

முதலில் மொட்டைமாடி தந்த வீட்டார். 2.5 மைக்ரோமீற்றரிலும் சிறிய துணிக்கைகளைப் பிடிக்கும் எங்கள் கருவி நிமிடத்துக்கு 16.7 லீற்றர் காற்றை இழுக்கும். நாளொன்றுக்கு 24 கன மீற்றர். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன 24 மணி நேர வழிகாட்டு அளவு கன மீற்றருக்கு 15 மைக்ரோகிராம். அந்த அளவைத் தொடுகிற நாளில்கூட 47 மில்லிமீற்றர் டெஃப்லோன் வடிதாளில் படிவது 360 மைக்ரோகிராம்தான். அரை மில்லிமீற்றர் மணல் ஒன்று விழுந்தால் அதுவே ஏறத்தாழ 170 மைக்ரோகிராம். வடிதாள் மாற்றும் வேளையில் மாடியைக் கூட்டாமல், உடுப்பு உதறாமல் இருந்தீர்களே, அந்தக் கணக்கு பிழையாகாமல் நின்றது அதனால்தான். காற்றே இழுக்காமல் ஒரு வடிதாளை மேலே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். கையாளும்போது எவ்வளவு அழுக்கு ஒட்டுகிறது என்று காட்டுவது அந்த வெற்று வடிதாள்தான். அதன் எடை கூடியிருந்தால் மற்றவற்றையும் நம்ப முடியாது.

கரண்ட் போன நேரம், வந்த நேரம், பக்கத்து வளவில் குப்பை எரித்தது, கோயிலில் வெடி கொளுத்தியது, எல்லாவற்றையும் கொப்பியில் குறித்து வைத்தவர்களுக்குத் தனி நன்றி. பம்பி நின்ற நேரம் தெரியாவிட்டால் இழுத்த காற்றின் கனவளவு தெரியாது. பிறகு எந்த நுண்தராசும் உதவாது. காற்று உள்ளே போகும் வாய்க்குழாயில் குளவி கூடு கட்டியதை உடனே அறிவித்ததும் சின்ன உதவியல்ல. பெரிய துணிக்கைகளைச் சுழற்றி ஒதுக்கும் தலைப்பகுதி குறித்த வேகத்தில் காற்றுப் போனால்தான் சரியாகப் பிரிக்கும். அடைப்பினால் வேகம் குறைந்தால் பிரிக்கும் எல்லை மேலே நகர்ந்து, பருமனான கடலுப்பும் உள்ளே வந்து படிந்துவிடும். கடலிலிருந்து வரும் வாடைக்காற்றுக் காலத்தில் நாவலடியில் அதற்குக் குறைவே இல்லை. தரைப்பக்கமிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது அதே மாடிக்குத் தரைப்புழுதி வரும். திசையைக் குறிக்காமல் இரண்டையும் கூட்டிச் சராசரி போடுவது வீண் வேலை.

பாடசாலை விறாந்தைகளில் துணிக்கையில் பட்டுச் சிதறும் ஒளியைக் கொண்டு தூசியை அளக்கும் மலிவான ஒளிச்சிதறல் உணரிகளைத் தொங்கவிட்டுப் பார்த்த ஆசிரியர்கள் சரியான கேள்வியைக் கேட்டார்கள்: விடியற்காலையில் மட்டும் ஏன் இவ்வளவு கூடக் காட்டுகிறது? ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்புத் துணிக்கை நீரை உறிஞ்சிக் கரைந்து, விட்டத்தில் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். உணரி அதைப் பெரிய தூசியாக எண்ணிக்கொள்ளும். வடிதாளோ 30 முதல் 40 சதவீத ஈரப்பதனுள்ள அறையில் 24 மணி நேரம் கிடந்த பிறகே நிறுக்கப்படுகிறது. வடிதாளோடு ஒப்பிட்டுத் திருத்தாத உணரி எண்ணை வைத்து எந்த ஊரையும் குறை சொல்லக் கூடாது.

மீன் வியாபாரிகளின் ஐஸ் எதற்கு என்றால், வெயிலில் கிடந்தால் அமோனியம் நைத்திரேற்று வடிதாளிலிருந்து ஆவியாகிப் போகும். ஐஸ் உருகிய நீர் படாமல் இரட்டைப் பையில் கட்டத்தான் வேண்டும்; மீன் வாசனையால் தராசுக்கு ஒன்றும் ஆகாது!

ஆலைக்காரர்களுக்கு வருவோம். பொயிலருக்குப் போகுமுன் எடுத்துவைத்த உமியும், பொயிலரிலிருந்து வந்த சாம்பலும் தனித்தனி மூட்டையாகத் தந்தீர்கள். அது பெரிய விஷயம். உமியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், சாம்பலில் பெரும்பகுதி மணலில் உள்ள அதே சிலிக்கா. அதிலிருந்து மிக நுண்ணிய துணிக்கைகளான நனோ சிலிக்கா செய்ய உமியை மணல் போகக் கழுவி, 1 மோலார் செறிவுள்ள ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, அமிலம் போக அலசி, உலர்த்தி, 600 பாகை செல்சியஸில் மெல்லிய படையாகப் பரப்பி எரிக்க வேண்டும். அமிலக் கழுவலை விட்டால் உமியிலுள்ள பொட்டாசியம் சிலிக்காவை இளக்கிக் கரியை உள்ளே பூட்டிவிடும். எவ்வளவு எரித்தாலும் சாம்பல் கறுப்பாகவே நிற்கும்.

பொயிலர்ச் சாம்பலின் கதை வேறு. அங்கே சூடு கட்டுப்பாட்டில் இல்லை. மிகக் கூடினால் சிலிக்கா பளிங்குருவாகி கிரிஸ்டோபலைட் என்ற கனிமம் ஆகும். எக்ஸ் கதிர் வரைபில் பளிங்கற்ற சிலிக்கா 22 பாகைக் கோணத்தை ஒட்டி அகன்ற மேடாகத் தெரியும். கிரிஸ்டோபலைட் கிட்டத்தட்ட அதே இடத்தில் கூரிய முனையாக நிற்கும். ஆகவே இடத்தை அல்ல, வடிவத்தைப் பார்க்க வேண்டும். மூச்சோடு உள்ளே போகும் பளிங்குருச் சிலிக்கா புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1997இல் வகைப்படுத்தியது. சாம்பல் அள்ளும் தொழிலாளர்கள் சட்டையில் காற்று மாதிரி எடுக்கும் கருவியை மாட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். அவர்களுக்கு நன்றி மட்டும் போதாது. ஆலை முதலாளிமாரே, சாம்பலை நனைத்து அள்ள விடுங்கள். துணி கட்டினால் போதாது, நுண்துணிக்கை தடுக்கும் முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள்.

மாடி தந்த ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த வீட்டு அளவீடுகளைத் தமிழில் அச்சிட்டுத் தருகிறோம். ஆலைச் சாம்பல் முடிவுகள் முதலில் தொழிலாளர் கைக்கு வரும், பிறகே கட்டுரைக்குப் போகும். அடுத்த வாடைக்கு முன் வாய்க்குழாய்களைக் கழற்றிக் கழுவ வருவோம். கருவியில் துருப்பிடித்த ஆணி கண்டால் அதுவரை பொறுக்காமல் சொல்லியனுப்புங்கள்.

அன்புடன்,
காற்றுத் துணிக்கை அளவீட்டுக் குழுவினர்