பெரியப்பாவின் 11 நாட்கள்: ஒரு திறந்த மடல்

மட்டக்களப்புப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து எழுதுகிறேன். காசநோய்க் குளிசையை இடையில் விடாமல் போடவைக்க ஒரு போன் முறை கேட்டுத்தான் இந்த மடல். என் பெரியப்பாவுக்குக் காசநோய் என்று தெரிந்ததும் 6 மாதக் குளிசை தொடங்கியது. முதல் கிழமையே சிறுநீர் சிவப்பாகப் போகுது என்று பயந்துபோனார். அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம்தான் என்று விளங்கப்படுத்திய பிறகுதான் அடங்கினார். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, சோறு இறங்கியது. அப்புறம் வேளாண்மைக் காவலுக்கு வயல் வட்டைக்குப் போனார். குளிசைப் பை கூரை வளையில் செருகியபடியே கிடந்தது. எண்ணிப் பார்த்தேன், 11 நாட்கள்.

"சுகமாத்தானே மகள் இரிக்கன், இன்னும் என்னத்துக்கு?" என்றார்.

இடையில் விட்டால் மிச்சக் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறிவிடலாம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த 11 நாட்களில் அதை அவருக்குச் சொல்ல ஆள் இருக்கவில்லை. ஆனால் அவரது மடியில் ஒரு பட்டன் போன் இருந்தது.

இந்தியாவில் உருவான 99டொட்ஸ் என்றொரு முறை இருக்கிறது. குளிசை அட்டையைச் சுற்றி ஓர் உறை. குளிசையை உடைத்து எடுத்தால்தான் பின்னால் மறைந்திருக்கும் இலக்கம் தெரியும். அதற்கு ஒரு மிஸ்கோல், காசு போகாது. குளிசையை எடுத்தார் என்பதற்குத்தான் அது சாட்சி, விழுங்கினார் என்பதற்கு அல்ல. அதனால் மிஸ்கோல் மட்டும் போதாது, அது வராத நாளில் ஒரு மனிதர் போன் எடுத்துப் பேச வேண்டும். அதுதான் நான் முக்கியமாகக் கேட்பது. மருந்தின் பக்கவிளைவாகச் சத்தி எடுக்குதா, கண் மஞ்சளாக இருக்கா என்று கேட்கும் குரல் வேண்டும். வட்டையில் சிக்னல் கிடைக்காது, ஆகவே ஒரு நாள் தவறியதும் ஏசவும் கூடாது.

இன்னொன்று. எங்கள் பக்கம் பல வீடுகளில் ஒரே போன்தான். வரும் எஸ்.எம்.எஸ்ஸைப் பேரப்பிள்ளைதான் உரக்க வாசிக்கும். அதில் 'காசநோய்' என்ற சொல் இருந்தால் பின்னேரத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும், கலியாணம் பேசிக்கொண்டிருக்கும் பெண்பிள்ளை இருந்தால் அதுவும் குழம்பும். "சாப்பிட முதல் போட்டாச்சா?" என்று மட்டும் கேட்டால் போதும். எழுத்தைவிடக் குரல் நல்லது.

முதலில் படுவான்கரையில் ஒரேயொரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவில் தொடங்கிப் பாருங்கள். எங்கள் ஊர்ப் பேச்சில் குரல் பதிவு வேண்டுமென்றால், நானே பேசித் தருகிறேன்.

இப்படிக்கு,
படுவான்கரை மகள்