பிரித்துப் பார்த்த டிராக் லிங்க் எண்ட்

வாடிப்பட்டி,
ஐப்பசி 20.

அன்புள்ள நண்பா,

நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே பெரியாறு கால்வாயில் தண்ணீர் வந்து நடவு முடிந்துவிட்டது. சிறுமலைப் பக்கம் தினமும் மாலையில் மழை இறங்குகிறது. நீ போடியிலிருந்து பேருந்தில் போட்டுவிட்ட பொட்டலத்தை ஆரப்பாளையம் போய் வாங்கி வந்து நான்கு நாளாகிறது. உடனே பதில் எழுதாததற்குக் காரணம், உன் ஜீப்பின் டிராக் லிங்க் எண்டை, அதாவது ஸ்டியரிங் பெட்டியிலிருந்து முன்சக்கரத்துக்குப் போகும் கம்பியின் குண்டு முனையை, பிரித்து முழுவதும் பார்த்த பிறகுதான் எழுதுவது என்று இருந்துவிட்டேன்.

எட்டு மாதத்தில் இரண்டு எண்ட் போய்விட்டதே, சரக்கு மட்டமா அல்லது வண்டியே கிழடு தட்டிவிட்டதா என்று கேட்டிருந்தாய். இரண்டும் இல்லை என்பதுதான் என் முடிவு. இந்த எண்ட் தானாகத் தேயவில்லை. அதைச் சுற்றியிருக்கும் மூன்று குறைகள் சேர்ந்து இதைத் தின்றிருக்கின்றன. அவற்றைச் சரிசெய்யாமல் மூன்றாவதாக ஒன்றை வாங்கி மாட்டினாலும் அடுத்த ஆடிக்குள் அதுவும் போய்விடும்.

நான் பார்த்ததைப் பார்த்தபடியே சொல்கிறேன். முதலில் மண்ணெண்ணெயில் கழுவாமல் அப்படியே வைஸில் பிடித்து, அடி மூடியின் மடிப்பைக் கிரைண்டரில் தேய்த்து எடுத்தேன். உள்ளே இருந்த சுருள்வில்லும் கிண்ணமும் வெளியே வந்தன. கிரீஸ் இருந்த இடத்தில் செம்மண்ணைக் குழைத்தது போல ஒரு பசை இருந்தது. அதை விரல்நுனியில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்று மணல் தட்டியது. குண்டின் ஒரு பாதி கண்ணாடியாகப் பளபளக்கிறது, மறுபாதியில் துரு தின்ற சிறுசிறு குழிகள். குண்டை மூடும் ரப்பர் உறையான பூட்டைத் திருப்பிப் பார்த்தால் மேல் விளிம்பில் விரற்கடை நீளத்துக்கு ஒரு கிழிசல். மலைச்சேறும் தண்ணீரும் அந்த வழியாகத்தான் உள்ளே போயிருக்கின்றன. கடினமாக்கிய எஃகுக் குண்டு எத்தனையோ ஆண்டுச் சுமையைத் தாங்கும். மணல் கலந்த தண்ணீரை ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

பூட் ஏன் கிழிந்தது என்பதற்கு விடை குண்டின் கழுத்தில் இருந்தது. குண்டோடு சேர்ந்த தண்டான ஸ்டட்டின் கழுத்து ஓரத்தில் பிறைநிலா வடிவத்தில் ஒரு பளபளப்பான நசுங்கல் தெரிகிறது. அதற்கு நேர் எதிரே, குண்டு உட்காரும் கூடான ஹவுசிங்கின் வாய் விளிம்பிலும் அதே அளவுக்கு ஒரு தேய்வு இருக்கிறது. அதாவது குண்டு திரும்ப வேண்டிய எல்லை வரைக்கும் திரும்பி, அதற்கு மேலும் வழியில்லாமல் கழுத்து விளிம்பில் இடித்திருக்கிறது. அந்த இடியில்தான் ரப்பர் நடுவில் சிக்கி அறுந்திருக்கிறது. இதைப் பார்த்ததும் போன சித்திரையில் நீ பட்டாவில், அதாவது வண்டியின் பாரத்தைத் தாங்கும் வில் தகட்டு அடுக்கில், இரண்டு தகட்டைக் கூட்டியது நினைவுக்கு வந்தது. ஏலக்காய் மூட்டையோடு ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏற வேண்டிய வண்டிக்குப் பட்டா கூட்டுவது தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் பட்டா கூட்டினால் பாடியும் ஸ்டியரிங் பெட்டியும் மேலே போகும், அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும், இடையில் இருக்கும் டிராக் லிங்க் முன்பைவிடச் சாய்வாக நிற்கும். வெறும் வண்டியில் நிற்கும்போதே எண்ட் தன் எல்லையின் ஓரத்துக்குப் போய்விடுகிறது. அதன் பிறகு குழியில் சக்கரம் இறங்கும் ஒவ்வொரு முறையும் கழுத்து இடிக்கிறது. பள்ளத்தில் விழும்போது ஸ்டியரிங் தானாக ஒரு பக்கம் இழுக்கிறது என்று நீ எழுதியிருந்தாயே, அதுவும் இந்தச் சாய்விலிருந்து வருவதுதான். பட்டா மேலும் கீழும் போகும்போது சாய்வான லிங்க், சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் நக்கிளைத் தள்ளவும் இழுக்கவும் செய்கிறது. கூட்டிய தகடுகளில் ஒன்றையாவது எடுத்துவிடு. எடுக்க முடியாது என்றால் பெட்டியின் அடியில் இருந்து லிங்க்கை ஆட்டும் பிட்மன் ஆர்மைச் சற்று இறக்கமான வகையாக மாற்றி, லிங்க்கை மறுபடி சமநிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஆர்மைச் சூடாக்கி வளைத்துத் தருகிறேன் என்று பட்டறையில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. அது பதம் ஏற்றிய ஃபோர்ஜிங், அதாவது அடித்து உருவாக்கிய எஃகு. தீயில் காட்டினால் பதம் போய்விடும், என்றைக்கு விரிசல் விடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மூன்றாவது குறைதான் எனக்கு உண்மையிலேயே கவலை தந்தது. ஸ்டட்டின் கூம்பான பகுதியில், அதாவது நக்கிள் ஆர்மின் கண் எனும் துளைக்குள் இறுகி உட்கார வேண்டிய டேப்பரில், பருத்த முனையை ஒட்டி ஒரு மெல்லிய வளையம் மட்டும் மின்னுகிறது. மற்ற இடமெல்லாம் காப்பிப்பொடி நிறத்தில் துருத்தூள் படிந்திருக்கிறது. இரண்டு இரும்பு ஒன்றோடொன்று இறுகிப் பிடிக்காமல் நுணுக்கமாக அசைந்துகொண்டே இருந்தால் வரும் தூள் அது. டேப்பர் பிடிப்பது நட்டின் பலத்தால் மட்டும் இல்லை, கூம்பு முழுதும் கண்ணின் சுவரோடு ஒட்டி உராய்வதால்தான் பிடிக்கிறது. உன் ஆர்மின் கண் முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைக்காரர் கொடுத்த எண்டின் டேப்பர் உன் ஆர்முக்குரியதாக இருக்காது. எது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. விளக்குக் கரியை இரண்டு சொட்டு எண்ணெயில் குழைத்துப் புதிய ஸ்டட்டின் கூம்பில் மெல்லியதாகத் தடவி, கண்ணுக்குள் கையால் அழுத்தி ஒரு திருப்புத் திருப்பி எடுத்துப் பார். கரி கூம்பு நெடுகச் சமமாக அழிந்திருந்தால் பொருத்தம் சரி. ஓர் ஓரத்தில் மட்டும் அழிந்திருந்தால் அந்த ஆர்மில் எந்த எண்டும் நிலைக்காது, ஆர்மையே மாற்ற வேண்டும். தகரத் துண்டைச் சுற்றி இறுக்குவதும், கண்ணுக்குள் வெல்டு வைத்து மறுபடி கடைவதும் நம் பக்கத்துப் பட்டறைகளில் நடக்கிறது. கையைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அதைச் செய்யவிடாதே.

நட் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். காடி வெட்டிய நட்டை உரிய அளவுக்கு இறுக்கிய பிறகு நட் கழலாமல் தடுக்கும் ஸ்ப்ளிட் பின் போடும் துளை நேர் நிற்கவில்லை என்றால், பட்டறைப் பையன்கள் நட்டைக் கொஞ்சம் தளர்த்தித் துளையைச் சேர்த்துவிடுகிறார்கள். தளர்த்தவே கூடாது, அடுத்த காடி வரும்வரை இறுக்கத்தான் வேண்டும். பின் ஒவ்வொரு முறையும் புதியதாக இருக்க வேண்டும். இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை என்பது உனக்குத் தெரியும். என் முதல் ஜீப்பில் டிராக் லிங்க் பழைய வகை. குழாயின் முனையில் இரண்டு கிண்ணமும் ஒரு சுருள்வில்லும் வைத்து, திருகு மூடியைக் கடைசி வரை இறுக்கி, பிறகு அரைச் சுற்றோ ஒரு சுற்றோ தளர்த்தி, பின் போட்டுப் பூட்டுவது. ஒரு பட்டறையில் பின்னுக்குப் பதிலாகக் கட்டுக்கம்பியை முறுக்கி அனுப்பியிருந்தார்கள். கால்வாய்க் கரையில் போய்க்கொண்டிருந்தபோது கம்பி அறுந்து, மூடி கழன்று, ஸ்டியரிங் என் கையில் காற்றாடி போலச் சுற்றியது. சக்கரம் தன் இஷ்டத்துக்கு இடது பக்கம் திரும்பிக் கருவேல மரத்தில் முட்டி நின்றதால் இன்று இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். வலது பக்கம் திரும்பியிருந்தால் கரை நிறையத் தண்ணீர். அன்று மூத்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு எந்தப் பட்டறையிலிருந்து வண்டி வந்தாலும் அடியில் படுத்து ஒவ்வொரு பின்னையும் கையால் தொட்டுப் பார்க்காமல் நான் சாவியைப் போடுவதில்லை.

இனி உன் வண்டியில் வேறு எங்கெல்லாம் ப்ளே, அதாவது தேய்வால் வரும் ஆட்டம், இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் பழைய ஜாயின்டுகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் எல்லா ஆட்டத்தின் அடியும் அதன்மேல்தான் விழும். எஞ்சினை நிறுத்தி, நான்கு சக்கரமும் தரையில் இருக்க, மகனை ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியுமாக ஒரு சாண் அளவுக்கு ஆட்டச் சொல். நீ அடியில் படுத்து ஒவ்வொரு ஜாயின்டையும் உள்ளங்கையால் பொத்திப் பிடி. தேய்ந்த ஜாயின்ட் கைக்குள் டக்கென்று அடிக்கும்; கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் கைக்குத் தெரிந்துவிடும். அடுத்து முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து இழுத்துப் பார். ஆட்டம் இருந்தால் மகனைப் பிரேக்கை மிதிக்கச் சொல். மிதித்ததும் ஆட்டம் நின்றால் அது வீல் பேரிங். மிதித்தும் நிற்காவிட்டால், நக்கிள் திரும்பும் அச்சாணியான கிங் பின்னின் பேரிங். உன்னுடையது வில்லிஸ் வழிவந்த, உருண்டை மூடிய நக்கிள் உள்ள அச்சு. மகிந்திரா பூட்டிக் கொடுத்த ஜீப்புகளின் குடும்பம். அதில் கிங் பின் மேலும் கீழும் டேப்பர் ரோலர் பேரிங்கில் உட்கார்ந்திருக்கும், ஷிம் எனும் மெல்லிய தகடு வைத்து இறுக்கத்தைச் சரிசெய்யலாம். ஆயில் சீலைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்டியரிங் ஆர்மின் முனையில் சுருள்வில் தராசை மாட்டி இழுத்தால் 12 முதல் 16 பவுண்டில், அதாவது ஏறக்குறைய ஐந்தரை முதல் ஏழேகால் கிலோவில், நக்கிள் திரும்ப வேண்டும் என்பது பழைய வில்லிஸ் கையேட்டின் கணக்கு. லேசாகத் திரும்பினால் ஷிம்மைக் குறைக்க வேண்டும், கனமாகத் திரும்பினால் கூட்ட வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்தில் முன்சக்கரங்கள் வெறி பிடித்தது போல உதறுகின்றன என்று எழுதியிருந்தாய். அதற்கு அதிர்வை அடக்கும் ஸ்டியரிங் டேம்பர் ஒன்றை மாட்டினால் போதும் என்று யாரோ சொன்னார்களாம். டேம்பர் உதறலை மறைக்கும். தேய்ந்த கிங் பின் தேய்ந்தபடியே இருக்கும்.

பழைய எண்டைக் கழற்றும்போது ஸ்டட்டின் தலையில் அடிக்காதீர்கள். நட்டை நான்கைந்து மரை தளர்த்தி அப்படியே விட்டுவிட்டு, ஆர்மின் கண்ணின் ஒரு பக்கம் கனமான சுத்தியலை முட்டாகக் கொடுத்து, எதிர்ப்பக்கம் மற்றொரு சுத்தியலால் சுளீரென்று ஓர் அடி அடித்தால் டேப்பர் தானாகத் துள்ளி விடுபடும். கழற்றுவதற்கு முன் லிங்க்கின் நீளத்தைக் குண்டு மையத்திலிருந்து குண்டு மையம் வரை அளந்து குறித்துக்கொள். நீளம் மாறினால் வண்டி நேராகப் போகும்போது ஸ்டியரிங் பெட்டி தன் நடுப்புள்ளியில் இருக்காது. நடுவில்தான் பெட்டிக்கு இறுக்கம் அதிகம், அதை விட்டு விலகினால் புதிய எண்ட் போட்டும் ப்ளே இருப்பது போலவே தோன்றும். இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் இரண்டு எண்டுகளையும் மாற்றினால் ஒரு பக்கம் இடது மரை என்பதை மறக்காதே. கிளாம்பை இறுக்கும் முன் இரண்டு எண்டுகளும் ஒரே வாட்டத்தில் நிற்கின்றனவா என்றும் பார்த்துக்கொள். டோ-இன், அதாவது முன்சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கி நெருங்கியிருக்கும் அளவு, அந்த அச்சுக்கு ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் சுமாருக்குப் போதும், வண்டியைக் கொஞ்ச தூரம் முன்னால் உருட்டிவிட்டு அளக்க வேண்டும்.

கிரீஸ் நிப்பிள் உள்ள எண்டாகவே கேட்டு வாங்கு. நிப்பிள் இல்லாத, மூடி அடைத்த வகை தார்ச்சாலைக்கு நன்றாக உழைக்கும். உன் மலைப்பாதையில் உள்ளே போன தண்ணீரை வெளியேற்ற வழி வேண்டும். புதிய கிரீஸ் பழையதைத் தள்ளிக்கொண்டு பூட்டின் விளிம்பில் எட்டிப் பார்க்கும்வரை அடித்துவிட்டு நிறுத்திவிடு, அதற்கு மேல் அழுத்தினால் பூட் உப்பி வெடிக்கும். பழைய கையேடுகள் 1,000 மைலுக்கு ஒரு முறை என்கின்றன. இந்த ஐப்பசி, கார்த்திகைச் சேற்றில் ஓடும் உன் வண்டிக்கு வாரம் ஒரு முறை அடித்தாலும் அதிகம் என்று சொல்ல மாட்டேன்.

பிரித்த குண்டையும் கிண்ணத்தையும் கழுவி, நான் சொன்ன இடங்களில் சுண்ணாம்புக்கட்டியால் குறியிட்டு, நாளைக்கே பேருந்தில் திருப்பி அனுப்புகிறேன். கழுத்து நசுங்கலை மகனிடம் காட்டு, இனி வண்டியை அவன்தானே ஓட்டப்போகிறான். வருகிற ஞாயிறு கழித்து அடுத்த ஞாயிறு நான் போடிக்கு வருகிறேன். தராசு, இரண்டு சுத்தியல், ஷிம் தகடுகள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. அதற்குள் ஆர்மின் கண்ணைக் கரி தடவிப் பார்த்து எனக்குத் தொலைபேசியில் சொன்னால், ஆர்ம் வேண்டுமா என்று மதுரையில் விசாரித்துக் கையோடு வாங்கி வந்துவிடுவேன். அதுவரைக்கும் மூட்டையை வேறு வண்டியில் அனுப்பு. ஆட்களை ஏற்றிக்கொண்டு அந்த வண்டியில் மெட்டு ஏறாதே.

உன் அன்பு நண்பன்.